எடுக்காத முடிவும் முடியாத ஒட்டுப்போர்வையும்

துணித் துண்டுகளை இணைத்து ஒட்டுப்போர்வை தைப்பவர்களின் அலமாரியைத் திறந்தால், முடிந்த போர்வைகளைவிடப் பாதியில் நிற்பவையே அதிகமாக இருக்கும். நேரம் கிடைக்கவில்லை என்பதுதான் அதற்குப் பெரும்பாலும் சொல்லப்படும் காரணம். என்னிடம் இருந்த மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, எது எந்தக் கட்டத்தில் நின்றிருக்கிறது என்று பார்த்தபோது, அந்தக் காரணத்தை என்னால் முழுதாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஒன்றில் சதுரங்கள் எல்லாம் வெட்டப்பட்டிருந்தன; எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்பது மட்டும் தீர்மானமாகவில்லை. இன்னொன்றில் மேல்பரப்பு முழுவதும் தைத்தாகிவிட்டது; சுற்றிலும் பார்டர் வைப்பதா வேண்டாமா என்பதில் வேலை நின்றிருந்தது. மூன்றாவதில் மேல்துணி, பஞ்சு, அடித்துணி என்ற மூன்று அடுக்குகளையும் சேர்த்துப் பின் குத்தி வைத்திருந்தேன். அதன்மேல் எந்தக் கோட்டில் தையலை ஓட்டுவது என்று தெரியாமல் அப்படியே மடித்திருந்தேன். மூன்றிலும் குறைவாக இருந்தது நேரமல்ல. எடுத்திருக்க வேண்டிய ஒரு முடிவு எடுக்கப்படாமல் இருந்தது.

இதைக் கவனித்த பிறகு, முடிவெடுக்கும் வேலையையும் கைவேலையையும் ஒரே அமர்வில் கலப்பதை நிறுத்தினேன். தைக்க உட்காரும்போது யோசிக்க எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. யோசிக்க உட்காரும்போது இயந்திரம் மூடியே இருக்க வேண்டும். ஒவ்வொரு மூட்டையின் மேலும் ஒரு துண்டுச் சீட்டைப் பின் குத்தி வைக்கிறேன். அதில் "அடுத்தது என்ன" என்ற ஒரே ஒரு வரிதான் இருக்கும்: "ஆறாம் வரிசையையும் ஏழாம் வரிசையையும் இணைக்க வேண்டும், தையல் விளிம்புகள் இடப்புறம் சாய வேண்டும்" என்பது போல. அந்தச் சீட்டை எழுதாமல் எழுந்திருப்பதில்லை. மறுபடி எடுக்கும்போது, எங்கே விட்டோம் என்று கண்டுபிடிப்பதிலேயே கழியும் அரைமணி நேரம் இதனால் மிச்சமாகிறது. அரைமணி நேரமே கிடைக்கும் நாட்களில் அதுதான் முழு வேலை நேரம்.

கைவேலைகளிலும் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கவனம் தேவைப்படுவதில்லை. வெட்டுவதற்குத் தெளிவான தலையும் நல்ல வெளிச்சமும் வேண்டும். ஆகவே அதைப் பகல் நேரத்துக்கு ஒதுக்குகிறேன். ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979இல் ரோட்டரி கட்டரை, அதாவது உருட்டி வெட்டும் வட்டக் கத்தியை, அறிமுகப்படுத்திய பிறகு, அட்டை அச்சு வைத்துப் பென்சிலால் வரைந்து கத்தரிக்கோலால் வெட்டும் வேலை பெருமளவு சுருங்கிவிட்டது. ஆனால் அதே வேகத்தில் பிழையும் பெருகும்: நான்கு மடிப்புத் துணியின் மேல் அளவுகோல் ஒரு நூல் நகர்ந்தால் நான்கு துண்டுகளும் சேர்ந்தே கெடும். ஏற்கெனவே வெட்டி அடுக்கிய துண்டுகளைச் சோடி சோடியாக இயந்திரத்தில் செலுத்துவதற்கு அவ்வளவு கூர்மை தேவையில்லை. களைத்துப்போன மாலையிலும் அதைச் செய்யலாம். ஓரப்பட்டியைக் கையால் தைத்து முடிப்பதற்கோ யாருடனாவது பேசிக்கொண்டிருக்கும் நேரமே போதும். எந்த வேலை எந்த மனநிலைக்குப் பொருந்தும் என்று தெரிந்துவிட்டால், இன்று உடம்பு ஒத்துழைக்கவில்லை என்ற பேச்சே பெரும்பாலும் எழாது.

தையல் கோட்டுக்கும் துணியின் ஓரத்துக்கும் இடையே விடும் கால் அங்குலத் தையல் விளிம்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் சோர்வுக்கு ஒரு பெரிய ஊற்று அங்கேதான் இருக்கிறது. தையலைப் பிரித்துப் பிரித்துத் தைக்க நேர்ந்தால் எந்தப் போர்வையும் வெறுத்துப்போகும். ஒரு வரிசையில் 12 சதுரங்கள் இருந்தால் இடையில் 11 தையல்கள் வரும். ஒவ்வொரு தையலும் ஒரு அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு மட்டும் கூடுதலாகத் துணியை விழுங்கினாலும், வரிசையின் நீளம் 11/16 அங்குலம், அதாவது ஏறத்தாழ ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் குறைந்துவிடும். பக்கத்து வரிசையோடு அது எந்த மூலையிலும் பொருந்தாது. இயந்திரத்தின் தட்டில் பொறித்திருக்கும் கோட்டை மட்டும் நம்புவதும் சரிவராது. தையலைத் திருப்பித் தேய்க்கும்போது மடிப்பின் பருமனுக்கே ஓரிரு நூல் அகலம் போய்விடுகிறது. ஆகையால் கால் அங்குலத்துக்கு ஒரு மயிரிழை குறைவாகத் தைத்தால்தான் விரித்த பின் அளவு சரியாக வரும். புதிய நூலோ புதிய துணியோ எடுக்கும்போதெல்லாம் ஒரு சோதனை செய்கிறேன். ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி, நீளவாக்கில் சேர்த்துத் தைத்துத் தேய்த்த பிறகு, நடுப்பட்டையை அளக்கிறேன். அது சரியாக ஒரு அங்குலம் இருக்க வேண்டும். முக்காலே அரைக்கால் அங்குலம் காட்டினால் தையல் உள்ளே தள்ளிப் போகிறது என்று பொருள். ஊசியின் நிலையை ஒரு படி நகர்த்திவிட்டு மறுபடி அளப்பேன்.

தேய்ப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இஸ்திரிப் பெட்டியைத் துணியின் மேல் இழுத்துக்கொண்டு போகாமல், வைத்து அழுத்தி எடுத்து அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். பாவு நூல் வாக்கில் துணி அதிகம் நீளாது. ஊடு வாக்கில் கொஞ்சம் இளகும். குறுக்கு வாக்கில், தையற்காரர்கள் கிராஸ் என்று சொல்லும் 45 டிகிரிச் சாய்வில், நன்றாகவே இழுபடும். முக்கோணத் துண்டுகளின் நீண்ட பக்கம் பெரும்பாலும் அந்தச் சாய்வில்தான் அமைகிறது. இஸ்திரியை இழுத்தால் முக்கோணம் வளைந்துபோய், எவ்வளவு துல்லியமாகத் தைத்திருந்தாலும் சதுரம் சதுரமாக நிற்காது.

துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக, இடையில் நூலை வெட்டாமல் தோரணம்போல் தைத்துக்கொண்டே போவது பலருக்கும் பழக்கமான முறைதான். அதில் ஒரு சிறு சேர்க்கை எனக்கு மிகவும் உதவியிருக்கிறது. தோரணத்தின் தொடக்கத்திலும் முடிவிலும், நூல் சிக்கிக்கொள்ளாமலிருக்க ஒரு கழிவுத் துணியை ஓட்டுவது வழக்கம். அந்தக் கழிவுத் துணிக்குப் பதிலாக இரண்டரை அங்குலச் சதுரங்கள் இரண்டை வைத்துத் தைத்துவிடுகிறேன். இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு டப்பா நிறைய, வெளிர் நிறமும் அடர் நிறமுமாக அந்தச் சதுரங்கள் எப்போதும் இருக்கும். இவற்றுக்கெனத் தனியாக ஒரு நிமிடமும் செலவழிப்பதில்லை. முதன்மையான போர்வை ஒன்று முடியும்போது, பக்கத்தில் இன்னொரு போர்வைக்கு வேண்டிய நாற்சதுர பிளாக்குகள், அதாவது நான்கு சதுரங்கள் சேர்ந்த அடிப்படைக் கட்டங்கள், தாமாகவே குவிந்திருக்கும்.

இனி வடிவமைப்புக்கு வருகிறேன். சொந்தமாக ஒரு பேட்டர்ன் உருவாக்க வேண்டும் என்று நினைப்பவர்கள், இதுவரை யாரும் பார்த்திராத சிக்கலான ஓர் உருவத்தைத் தேடத் தொடங்குவதைப் பார்க்கிறேன். அது தேவையற்ற சுமை என்பது என் கருத்து. மூலைவிட்டத்தில் இரண்டு நிறமாகப் பிரிந்த ஒரே ஒரு சதுரம் போதும். 1704ஆம் ஆண்டில் செபஸ்டியன் ட்ருஷே என்ற பிரெஞ்சுத் துறவி, இப்படிப் பிரிந்த சதுர ஓடுகளை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று ஓர் ஆய்வுரையே எழுதினார். அவருக்குத் தரை ஓடாக இருந்தது நமக்கு அரைச்சதுர முக்கோணம்: இரண்டு முக்கோணங்களைச் சேர்த்துத் தைத்த சதுரம். ஒரு சதுரத்தை நான்கு திசைகளில் திருப்பி வைக்கலாம். நான்கு சதுரங்களை இரண்டுக்கு இரண்டாக அடுக்கினால் 4×4×4×4, அதாவது 256 அமைப்புகள். முழு பிளாக்கையும் சுழற்றினால் ஒன்றுபோல் தெரிபவற்றை ஒன்றாகவே எண்ணினாலும் 70 தனித்தனி அமைப்புகள் மிஞ்சும். நான்குக்கு நான்காக 16 சதுரங்கள் என்றால், சுழற்சியைக் கழிக்காத மொத்த எண்ணிக்கை 429 கோடியைத் தாண்டிவிடும். காற்றாடியும், வைரமும், படிக்கட்டுபோல் இறங்கும் கோடும், உடைந்த பாத்திரம் என்று பெயர் பெற்ற அமைப்பும் எல்லாம் இதற்குள்ளேயே அடங்கியிருக்கின்றன.

ஆகவே நான் செய்வது எளிமையானது. கட்டம் போட்ட தாளில் பென்சிலால் மட்டும், நிறமே இல்லாமல், ஒரு பக்கத்தை நிழலிட்டு வரைகிறேன். ஓர் இரவுக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டால் நோட்டு தானாக நிறைகிறது. நன்றாக வருகிறதா என்று அப்போதே தீர்ப்புச் சொல்வதில்லை. தைப்பதைப் போலவே வரைவதற்கும் அடுத்த படி என்ன என்பது தெரிந்திருக்க வேண்டும். இன்று சுழற்சி மட்டும், நாளை கண்ணாடி எதிரொளிப்பு மட்டும், மறுநாள் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையை அரைக் கட்டம் நகர்த்துவது மட்டும் என்று ஒரு விதியை வைத்துக்கொண்டால் கை தயங்காமல் ஓடுகிறது. ஒரு தளத்தை முழுவதும் நிரப்பும் தொடர்வடிவங்களை அவற்றின் சமச்சீர் கொண்டு வகைப்படுத்தினால் மொத்தம் 17 வகைகள்தான் உண்டு என்பது கணிதத்தில் நிறுவப்பட்ட செய்தி. கற்பனைக்கு எல்லையில்லை என்று சொல்வது கேட்க இனிமையாக இருந்தாலும், 17 என்று தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது.

ஒரு பிளாக் தனியாக நிற்கும்போது எப்படி இருக்கிறது என்பதை வைத்து அதை மதிப்பிடக் கூடாது. நான்கு பிளாக்குகள் சந்திக்கும் மூலையில் என்ன பிறக்கிறது என்பதே முக்கியம். வெளிப்புற மூலைகளில் அடர் நிறம் வரும் பிளாக்கை நான்கு முறை அடுக்கினால், நடுவே யாரும் வரையாத ஒரு வைரம் தோன்றும். அந்த இரண்டாம் வடிவம் முதல் வடிவத்தையே விழுங்கிவிடுவதும் உண்டு. அதனால் குறைந்தது நான்குக்கு நான்காக, 16 பிளாக்குகளை வரைந்து பார்க்காமல் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. பிளாக்குகளுக்கு இடையே பட்டைகளை வைத்துப் பிரித்தால் இந்தச் சந்திப்பே நடக்காது. சில சமயம் அதுவே நல்லது, பல சமயம் அது ஒரு கோழைத்தனம்.

நிறத்தை நான் கடைசியில்தான் தொடுகிறேன். வடிவத்தைத் தாங்குவது நிறமல்ல, அடர்த்தி. சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு முற்றிலும் வேறாகத் தெரிந்தாலும், இரண்டும் ஒரே அளவு அடர்த்தியில் இருந்தால் பத்தடி தள்ளி நின்று பார்க்கும்போது காற்றாடியின் இறகுகள் ஒன்றோடொன்று கரைந்துவிடும். துணிகளைப் பக்கம் பக்கமாக வைத்து, கைப்பேசியில் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பது மிக விரைவான சோதனை. வெளிர், நடுத்தரம், அடர் என்று மூன்று குவியலாகப் பிரித்து வைத்துவிட்டால் அதற்குள் எந்த நிறத்தை எடுத்தாலும் வடிவம் நிற்கும். பெரிய பூக்கள் போட்ட துணிதான் எப்போதும் தொல்லை தருவது: ஒரு துண்டில் இதழ் விழும், இன்னொரு துண்டில் வெறும் பின்னணி விழும், ஒரே துணியே இரண்டு குவியல்களுக்கும் சொந்தம் கொண்டாடும்.

வரைந்ததைத் துணியாக்கும்போது கணக்கு வருகிறது. பலர் நோட்டை மூடிவிடுவதும் இங்கேதான். தைத்து முடித்தபின் 4 அங்குலம் இருக்க வேண்டிய அரைச்சதுர முக்கோணத்துக்கு 4⅞ அங்குலச் சதுரம் வெட்ட வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம்போல் எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது. அந்த ⅞ எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் எந்த அளவையும் நாமே கணக்கிடலாம். முக்கோணத்தின் செங்கோண மூலையில் கால் அங்குலம் மட்டும் சேர்த்தால் போதும். கூர்மையான மூலையில் சாய்வுப் பக்கத்தின் விளிம்பும் சேர்ந்துகொள்வதால் 0.60 அங்குலத்துக்குச் சற்று அதிகம் தேவைப்படுகிறது. இரண்டையும் கூட்டினால் 0.85 சொச்சம், அளவுகோலில் அதற்கு மேலே கிடைக்கும் அடுத்த எட்டில் ஒரு பங்குக் கோடு ⅞. நான் அதையும் விட்டுவிட்டு 5 அங்குலமாகவே வெட்டி, தைத்த பிறகு நாலரை அங்குலத்துக்குச் சீராக நறுக்கிக்கொள்கிறேன். துணி கொஞ்சம் வீணாகும். அதற்கு ஈடாக ஒவ்வொரு சதுரமும் அசல் சதுரமாக இருக்கும்.

எட்டு அரைச்சதுர முக்கோணங்களை ஒரே வீச்சில் எடுக்கும் முறையில், 9¾ அங்குலச் சதுரங்கள் இரண்டை நேருக்கு நேர் வைத்து, இரு மூலைவிட்டங்களின் இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, நெடுக்கிலும் குறுக்கிலும் மூலைவிட்டங்களிலும் வெட்ட வேண்டும். 12க்கு 12 என 144 சதுரங்கள் கொண்ட, 48 அங்குலப் பக்கமுள்ள ஒரு போர்வைக்கு ஒவ்வொரு நிறத்திலும் இப்படிப்பட்ட பெரிய சதுரங்கள் 18 வேண்டும். 42 அங்குல அகலமுள்ள துணியில் ஒரு வரிசைக்கு நான்கு கிடைக்கும். ஐந்து வரிசைகளுக்கு 48¾ அங்குல நீளம், அதாவது ஒன்றே கால் மீட்டருக்குச் சற்றே குறைவு. துணி சுருங்குவதையும் முனை கோணலாக இருப்பதையும் கருதி ஒன்றரை மீட்டர் என்று எழுதிக்கொள்வேன். இந்தக் கணக்கை வரைபடத்தின் அதே பக்கத்திலேயே, ஓரமாக எழுதிவிடுகிறேன். கூடவே, முடிந்த போர்வையின் மேல் ஓடப்போகும் தையல் கோடுகளையும் ஒரு மெல்லிய தாளை மேலே வைத்து அப்போதே வரைந்துவிடுகிறேன். மூன்று அடுக்குகளையும் சேர்த்துப் பின் குத்திய பிறகு வரும் அந்தப் பழைய திகைப்புக்கு இடமில்லாமல் போவது இதனால்தான். பஞ்சு அடுக்கின் உறையில், தையல்களுக்கிடையே அதிகபட்சம் எவ்வளவு இடைவெளி விடலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். கோடுகள் அந்த அளவுக்குள் இருக்கின்றனவா என்பதையும் வரைதாளிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவு திட்டமிடல் எல்லா ஒட்டுப்போர்வைக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. கர்நாடகத்துச் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தியில் முன்வரைவு என்று ஒன்று கிடையாது. ஓரத்தில் தொடங்கி, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஓட்டுத் தையலால் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருகிறார்கள். துண்டை ஒட்டும் அதே தையல் அடுக்குகளையும் பிணைத்துவிடுவதால், மேல்பரப்பு முடிந்த கணத்தில் போர்வையும் ஏறத்தாழ முடிந்திருக்கும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் பகுதிப் பெண்கள், தேய்ந்துபோன வேலை உடைகளிலிருந்து அளவுகோலின் துணையின்றி அமைத்த போர்வைகள், 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன; 2006இல் அவை தபால்தலைகளாகவும் வெளிவந்தன. இவற்றில் முடிவெடுக்கும் வேலை இல்லாமல் இல்லை. அது ஒவ்வொரு துண்டிலும் சிறிது சிறிதாக, கை நகரும்போதே நடந்துவிடுகிறது. பெரிய முடிவு ஒன்று ஓரிடத்தில் குவிந்து வழியை அடைப்பதில்லை. என்னைப் போன்ற கணக்குப் பிள்ளைகள் ஆண்டுக்கு ஒன்றையாவது இந்த முறையில் தைத்துப் பார்ப்பது நல்லது.

கைவிடுவதையும் ஒரு முடிவாகவே கருதுகிறேன். எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் மனம் சுணங்கும் மூட்டை ஒன்று இருந்தால், அதைக் கட்டாயப்படுத்தி முடிப்பதைவிடச் சுருக்கிவிடுவது மேல். இரட்டைக் கட்டில் போர்வைக்காகத் தொடங்கிய ஒன்பது பிளாக்குகளை ஒரு மேசை விரிப்பாக முடித்திருக்கிறேன். இன்னொன்றைப் பிரித்து, துணிகளை அடர்த்திக் குவியல்களிலேயே திரும்பச் சேர்த்துவிட்டேன். பட்டியலில் இருந்து ஒரு பெயர் அழிகிறது என்ற அளவில் இரண்டும் சமமே.

இப்போது வரைதாளில் இருப்பது, காற்றாடியும் படிக்கட்டும் மாறி மாறி வரும் ஓர் அமைப்பு. கழிவுத் துணியில் சோதனை பிளாக் ஒன்றைத் தைத்துவிட்டேன். காற்றாடியின் நடுவில் எட்டு முனைகளும் ஒரே புள்ளியில் கூடுவதால், அந்த இடம் ஒரு பொத்தான் அளவுக்குத் தடித்துப்போகிறது. அங்கே செய்ய வேண்டியது இதுதான்: துணியைத் திருப்பி, தையல் விளிம்புக்குள் இருக்கும் இரண்டு மூன்று தையல்களை மட்டும் பிரித்து, விளிம்புகளைச் சுற்றுவாக்கில் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்த்துத் தேய்த்தால், பின்புறத்தில் நகத்தளவில் ஒரு குட்டிக் காற்றாடி விரிந்து, தடிமன் நான்கு பக்கமும் பகிர்ந்துபோகும். படிக்கட்டு பிளாக்கின் விளிம்புகள் அதற்கு எதிர்த்திசையில் சாய்ந்தால்தான் இரண்டும் பொருந்தி உட்காரும். ஆகவே வரைபடத்தில் ஒவ்வொரு தையலுக்கும் பக்கத்தில் ஓர் அம்புக்குறி போட்டுக்கொண்டிருக்கிறேன். நடுத்தர அடர்த்தியைப் படிக்கட்டில் மட்டும் வைப்பதா, காற்றாடியின் ஓர் இறகிலும் நுழைப்பதா என்பது மட்டும் பாக்கி. இரண்டையும் 16 பிளாக்குகளாக வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறேன். சீட்டில் எழுதியிருக்கும் வரி "இரண்டில் ஒன்றைக் கழற்று" என்பது.